சவரியம்மாளின் வெள்ளிக்கிழமைக் கஞ்சி

"மாஸ்டர், சவரியம்மாக்கா போயிருச்சுங்க."

தொலைபேசியில் ராசாத்தி இதைச் சொன்னபோது நான் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில், கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவர்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும்.

"எப்பம்மா?"

"காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன எட்டிப் பாத்தேன். அப்பவே ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு. நேத்து வெள்ளிக்கெழம இல்லீங்களா, ஒருசந்தி. நாக்குல தண்ணி வைக்கப் போனாக்கூட மொகத்தத் திருப்பிக்கிச்சு. சாயந்தரம் ஆறு மணிக்கு மேலதான் ரெண்டு சொட்டு."

"லயத்து ஆளுங்க எல்லாம் வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்க. வெளிய நின்னு சிரிக்கிறாங்க மாஸ்டர். கரண்டியத் தூக்கிக்கிட்டு சூசையத் தேடிப் போயிருச்சாம்."

முப்பதாம் நாள் பூசையில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி பங்குச் சுவாமி கேட்டிருக்கிறார். சவரியம்மாளை அறியாதவர்களும் அன்று வருவார்கள். அந்தச் சிரிப்பு எதற்கென்று அவர்களுக்கு விளங்க வேண்டுமானால் ஒரு பக்கம் போதாது. சுவாமி பொறுத்தருள வேண்டும்.

சவரியம்மாள் தெரணியகலைக்கு அப்பால் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்து, பால் வெட்டியவர். இளவயதிலேயே கணவரை இழந்தவர். கனிவானவர் என்று எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். அவருடைய வாய்க்குக் கங்காணியும் பயப்படுவார், கணக்கப்பிள்ளையும் பயப்படுவார். நான் அந்தத் தோட்டப் பாடசாலைக்கு வந்த புதிதில், ஞாயிறு ஞானோபதேச வகுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் பற்றி ஒரு ஞாயிறு நீளமாகப் பேசினேன். கோயில் கலைந்ததும் அவர் பிள்ளைகளின் முன்னாலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், நல்லாத்தான் சொன்னீங்க. போன வெள்ளிக்கெழம ஒங்க குசினியில கோழி வெந்த வாசம் எங்க லயம் வரைக்கும் வந்துச்சே, அது கோழிக்குத் தெரியாம வெந்துச்சா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் உரக்கச் சிரித்தது அவருடைய ஒரே மகள் பிலோமினா.

அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த ஆண்டவரைப் பேய் சோதித்த கதையை ஒருநாள் வகுப்பில் சொன்னேன். நோன்பு இருந்ததால்தான் சோதனையை வெல்ல முடிந்தது என்று முடித்தேன். பிலோமினா கையைத் தூக்கினாள். "பசிச்சா கோவந்தானே மாஸ்டர் வரும்? எங்கம்மாவுக்குப் பசிச்சா பக்கத்துல நிக்க ஏலாது. அப்ப எப்படி பசி ஆள நல்லவங்களாக்கும்?" பெரியவள் ஆனால் தெரியும் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

தொண்ணூற்றிரண்டில், அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, சவரியம்மாளும் சூசையும் பாடசாலை வாசலில் வந்து நின்றார்கள். சூசை எங்கள் தோட்டத்தில் பிறந்து தெரணியகலை டவுனில் குடியேறியவர். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் பிள்ளைகள் பிடித்துக் கொடுக்கும் தரகர். நல்ல சட்டை, சிரித்த முகம், பாதிப் பேச்சு சிங்களத்தில்.

"பேர் பதியத்தான் மாஸ்டர். வயசு ஒரு பதினாறுன்னு போட்டு விடுகைப் பத்திரம் குடுத்தீங்கன்னா போதும். புள்ள வளத்திதானே. கமக் நெ, பரவாயில்ல, யாரு பாக்கப் போறா?"

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கமாக இருந்தது. பாதிப் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு இல்லை. பாடசாலைப் பதிவேடான இடாப்பில் நாங்கள் எழுதியதுதான் வயது. தோட்டத்து வேலையில் சீக்கிரம் பேர் பதிந்தால் வீட்டில் அடுப்பு எரியும் என்று, இரக்கத்தோடுதான், இரண்டு வயது மூன்று வயது கூட்டி எழுதிக் கொடுப்போம். அதை ஒரு தர்மமாகவே நினைத்தோம். அன்றும் எழுதினேன். பேர் பதிவதற்குத் தரகரைக் கூட்டிக்கொண்டு யாரும் வருவதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சவரியம்மாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பிலோமினாவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

இரண்டு வருடம் கழித்து கொழும்பிலிருந்து பிலோமினாவின் சவப்பெட்டியோடு ஒரு வேன் வந்தது. காய்ச்சல் என்றார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அந்த வீட்டு எஜமானி நோனா சொல்லி அனுப்பியிருந்தாராம். சவரியம்மாள் பால்வெட்டுக் கத்தியால் பெட்டியின் ஆணியை நெம்பித் திறந்தார். பிள்ளையின் இரண்டு முழங்கையிலும் துணி மினுக்கும் ஸ்திரிக்கைப் பெட்டியின் முனை பதிந்திருந்தது, பழைய காயத்தின் மேல் புதிய காயமாக. அதற்குமேல் எழுத மாட்டேன். பொலிஸில் சூசை ஒரு கடுதாசியைக் காட்டினார். வேலைக்குப் போகும்போதே பதினாறு வயது, தாயின் சம்மதம், பாடசாலை முத்திரை, என் கையெழுத்து. விசாரணை அந்தக் கடுதாசியோடு முடிந்தது. சூசை டவுனில் வீட்டுக்கு மேல்மாடி கட்டினார்.

அந்த வருடத் தபசு காலத்தில்தான் சவரியம்மாள் ஒருசந்தி தொடங்கினார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை. சாயங்காலம் ஒரே ஒரு நேரச் சாப்பாடு. தபசு காலம் முடிந்தும் அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வெறும் வயிற்றோடு மலையேறி, மரம் வெட்டி, பால் வாளியைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருவார். மகளுக்காக நேர்ந்துகொண்டார் என்று நாங்கள் நினைத்தோம். ராசாத்திதான் ஒருமுறை நேராகவே கேட்டார். லயத்தில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராக்காரி, சைவ சமயத்துக்காரி, எதையும் நேராகக் கேட்பவர்.

"எதுக்குக்கா இப்படி வயித்தக் காயப் போடுற?"

"வெள்ளிக்கெழம டவுன்ல சந்தை. அவன் வருவான். கத்தி என் இடுப்புலதானே இருக்கு. தின்னுட்டுப் போனா அன்னைக்கே முடிச்சிருவேன். திங்காட்டி படி ஏறவே மூச்சு வாங்குது."

கோயிலிலும் ஒன்றைக் கவனித்தேன். ஆண்டவர் கற்பித்த செபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, பிறர் குற்றத்தைப் பொறுப்பது பற்றிய வரி வந்தால் அவருடைய வாய் மூடிக்கொள்ளும். அடுத்து, சோதனையில் விழாமல் காக்கச் சொல்லும் வரியில் மற்ற எல்லோரையும் அமுக்கிக்கொண்டு அவர் குரல் எழும்பும். பல வருடம், ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

மகள் போய் ஒன்பதாவது வருடம் சூசை பக்கவாதத்தில் விழுந்தார். மனைவி முன்பே இறந்துபோயிருந்தார்; மேல்மாடி வீட்டைப் பிள்ளைகள் விற்றுக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் லயத்தில் இருந்த அவருடைய தங்கச்சி லூர்து வீட்டுக் குசினியோரம், விறகுக்குப் பக்கத்தில், ஒரு சாக்கில் கிடத்தினார்கள். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கைகால் செத்துக் கிடந்தது. லூர்தும் அவர் புருஷனும் வேலைக்குப் போனால் மத்தியானத்தில் வாயில் கஞ்சி ஊற்ற ஆளில்லை. பிலோமினாவைப் போல இன்னும் மூன்று நான்கு வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர் அவர். லயத்தார் குசினி ஓட்டையில் எட்டிப் பார்த்து, "தரகரே, கொழும்புக்கு ஆள் வேணுமாம், வாறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருவன் சாப்பிட்ட மீன் முள்ளைக் கொண்டுபோய் அவருடைய நெஞ்சில் வைத்துவிட்டு வந்தான். யாரும் தடுக்கவில்லை. நானும்தான்.

மாதப் பூசைக்கு வந்த சுவாமி, ஆளுக்கு ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொடுக்க முடியுமா என்று கோயிலில் கேட்டார். ஒரு கையும் எழும்பவில்லை. பின் வரிசையிலிருந்து சவரியம்மாள் சொன்னார்:

"வெள்ளிக்கெழம எனக்கு."

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் லயமே குதூகலித்தது. நஞ்சு வைக்கப் போகிறார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எந்த வெள்ளிக்கிழமை என்பதில்தான் பேச்சு.

முதல் வெள்ளிக்கிழமை நானும் போனேன். தடுக்கப் போனேனா, பார்க்கப் போனேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் ஸ்டோரில் பால் கொடுத்துவிட்டு, தன் மத்தியானக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் சாப்பிடாமல் விட்ட பங்கு அது. வாசலில் நின்று இடுப்பிலிருந்த கத்தியை உருவி என் கையில் கொடுத்தார்.

"இத வச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க மாஸ்டர். நான் கேட்டாக்கூடக் குடுக்காதீங்க."

வெளியே கூடியிருந்தவர்களில் ஒருவன் கத்தினான்: "அக்கா, புல்லுக்கு அடிக்கிற மருந்து மறந்து வந்துட்டியா? வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வரவா?"

"ஒங்கம்மாவுக்கு எடுத்து வையி" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு உள்ளே போனார். சாக்கின் அருகில் குந்தினார். கரண்டியில் கஞ்சியை அள்ளினார்.

"வாயத் தெற."

சூசை திறந்தார்.

"பேரச் சொல்லு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் அகன்றது. உதடு ஒட்டாத வாயில் அந்தப் பெயரின் முதல் எழுத்தும் வராது, நடு எழுத்தும் வராது.

"இ...லோ...னா."

"அப்பிடி ஒரு புள்ளய நான் பெறல. ஒழுங்காச் சொல்லு."

"இலோ...இனா."

"ம்."

கரண்டி உள்ளே போனது. அடுத்த கரண்டிக்கும் அதே கேள்வி. அதற்கு அடுத்ததற்கும். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது, பசித்திருந்த சவரியம்மாளின் கை மெல்லத்தான் எழும்பியது, சூசையின் தாடையில் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார். ஒருமுறை சூசை வேறு எதையோ சொல்ல முயன்றார். "மன்...னி..."

"அந்தப் பேர நான் கேக்கல" என்றார் சவரியம்மாள்.

சூசை அழுதார். அந்தக் கண்ணீரையும் அதே முந்தானையால் துடைத்தார். சட்டி காலியானதும் எழுந்து வந்து என்னிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் தன் ஒருநேரச் சோற்றின் முதல் பிடியை எடுக்குமுன் அவரும் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார் என்று பிற்பாடு ராசாத்தி சொன்னார்.

லயத்தாருக்குப் பெரிய ஏமாற்றம். "இன்னும் சாகலியா?" என்று வெள்ளிக்கிழமைதோறும் கேட்டு அலுத்தார்கள். பிறகு கரண்டியைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

இது என்ன நோன்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரிடம் கேட்டேன். ஊட்டுவதென்றால் பேசாமல் ஊட்டக்கூடாதா என்றேன். அவர் ஒரு ரப்பர் மரத்தடியில் குந்தி, காய்ந்த பாலை உரித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பட்டைய வெட்டினாத்தான் பால் வரும். வெட்டாம வராது. கத்தி கட்டையில பட்டுச்சுன்னா மரம் போச்சு. நான் பட்டைய மட்டுந்தான் வெட்டுறேன். கட்டையில படாம இருக்கத்தான் வயித்தக் காயப் போடுறேன்."

அது வெறும் பேச்சல்ல என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஒரு கிறிஸ்மஸ் அன்று லூர்து வீட்டார் டவுனுக்குப் போக, அண்ணனைப் பார்த்துக்கொள்ளும்படி சவரியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவரை வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில் அவர் போனதில்லை. சில நாள் கழித்து என்னிடம் சொன்னார்.

"ராசாத்தி வீட்டுல கோழிக்கறியும் சோறும் குடுத்துச்சு. நல்லாத் தின்னுட்டுப் போனேன். ரெண்டு கரண்டி குடுத்தேன். பேரும் சொன்னான். பொறகு கரண்டியக் கீழ வச்சுட்டு மூக்கையும் வாயையும் சேத்துப் பொத்திட்டேன் மாஸ்டர்."

தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"கையில அப்பிடி ஒரு தெம்பு. அவன் ஒதறக்கூட இல்ல. என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்தான். செய்யின்னு சொல்ற மாதிரி. பொறகு எடுத்துட்டேன். ஏன் எடுத்தேன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. பசியில போயிருந்தா கை அங்க வரைக்கும் போயிருக்காது."

பிலோமினா வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் அன்றுதான் எனக்குக் கிடைத்தது. பசி யாரையும் நல்லவராக்குவதில்லை. கையை மட்டும் கொஞ்சம் தளர்த்துகிறது. சில பேருக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

"சாமிகிட்டச் சொன்னீங்களா?" என்றேன்.

"சொன்னேன். மூணு செபம் சொல்லச் சொன்னாரு. அது பத்தாது மாஸ்டர், அவரு என் கையப் பாக்கல." அந்த வாரத்திலிருந்து புதன்கிழமையும் ஒருசந்தி இருந்தார். புதன்கிழமையும் சூசைக்குக் கஞ்சி போனது.

மூன்று வருடம் போனது. சூசை ஒரு செவ்வாய்க்கிழமை செத்தார். மலையிலிருந்து ஓடி வந்த சவரியம்மாள் குசினி வாசலில் நின்று, "நாளைக்கிப் புதன். ஒரு நாள் பொறுக்க மாட்டானா?" என்றார். பாவி, செத்த பிறகும் விடமாட்டாள் போலிருக்கிறது என்று கூடியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் லூர்துவிடம் கேட்டார்: "கடைசியாப் பேரச் சொன்னானா?"

"நீ கேட்டாத்தான் சொல்லும்னு நெனைச்சியா?" என்றார் லூர்து. "யாரு கரண்டிய நீட்டுனாலும் அதச் சொல்லிட்டுத்தான் வாயத் தெறக்கும். காலையில நான் குடுக்கிறப்பவும் சொல்லும். இன்னைக்கும் சொல்லுச்சு."

"முழுசாவா?"

"எங்க முழுசா. அதே அரப் பேருதான்."

சவரியம்மாள் விறகின் மேல் உட்கார்ந்தார். அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருசந்தி இல்லையே அக்கா என்று ராசாத்தி தட்டை நீட்டியதற்கு, "எறங்கல" என்று மட்டும் சொன்னாராம்.

நான் ஓய்வு பெற்று இரத்தினபுரிக்கு வந்துவிட்டேன். போன வருடக் கடைசியில் அவருக்குத் தொண்டையில் கட்டி என்று கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். தபசு காலம் தொடங்கியதும் பார்க்கப் போனேன். உடல் வற்றி, பால் வடிந்து நின்றுபோன மரம்போல இருந்தார். வாய் மட்டும் பழைய வாய்.

"பாருங்க மாஸ்டர் கொடுமைய. இத்தன வருசம் திங்காம இருந்தேன், இப்பத் திங்க ஏலாம இருக்கேன். திங்க முடிஞ்சும் திங்காம விட்டாத்தான் ஒருசந்தி. இது வெறும் நோவு." ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால், விழுங்க முடிந்த அந்த இரண்டு மூன்று கரண்டியையும் வேண்டாம் என்று தள்ளிவிடுவதாக ராசாத்தி சொன்னார்.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் இறந்த சனிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. ராசாத்திக்குக் கூப்பன் கடைக்குப் போக வேண்டியிருந்தது. கஞ்சிக் கிண்ணத்தையும் அந்தக் கரண்டியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் கட்டிலோரம் உட்கார்ந்து, கொஞ்சம் அள்ளி, ஊதி, நீட்டினேன். சவரியம்மாள் வாயைத் திறக்கவில்லை. வலி என்று நினைத்துக் காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரச் சொல்லுங்க."

புத்தி தடுமாறுகிறது, என்னைச் சூசை என்று நினைக்கிறார் என்று எண்ணி, "சவரியம்மா, அவரு போயி மூணு வருசமாச்சே" என்றேன்.

"சூசைய எனக்குத் தெரியாதா?" குரல் காற்றாகத்தான் வந்தது, ஆனால் ஒரு சொல்லும் குழறவில்லை. "நீங்க மாஸ்டர். புள்ளய அனுப்புனது மூணு பேரு. அவன் சொல்லிட்டான். நான் தெனம் சொல்லிட்டுத்தான் திங்கிறேன். நீங்கதான் இன்னும் சொல்லல."

இத்தனை வருடம் அந்தக் கையெழுத்தைப் பற்றி அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. லயத்தில் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். மறந்துவிட்டார் என்றே நம்பியிருந்தேன். கரண்டி என் கையில் ஆறியது. வகுப்பில் ஒவ்வொரு காலையிலும் இடாப்பைப் பார்த்து வாசித்த பெயர்தான். அது வெளியே வருவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"பிலோமினா" என்றேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

"வயசு?"

"பதிமூணு."

அப்போது திறந்தார். மூன்று கரண்டி இறங்கியது. மூன்று முறையும் கேட்டார், மூன்று முறையும் சொன்னேன். நான்காவது கடைவாயில் வழிந்தது. அதை நான் துடைத்துவிட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அந்த வார்த்தையைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

மகளின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறது. கண் மங்கலோடுதான் மண் போட்டேன். அன்றும் பின்னால் யாரோ கரண்டியைப் பற்றி ஏதோ சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள். அந்தக் கரண்டி இப்போது ராசாத்தியின் குசினியில், கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் உங்களுக்குத் தேத்தண்ணியும் பனிசும் கொடுப்பார்கள். வாயில் வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். நான் முன்னால் நின்று, பெயரையும் சரியான வயதையும் முழுதாகச் சொல்வேன். என்னோடு சேர்ந்து சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்.

போய் வாருங்கள், சவரியம்மா. உங்கள் கையில் ஒன்றும் இல்லை. கரண்டி எங்களிடம்தான் இருக்கிறது.